டவுன்லைன் குழுவுக்கு அனுப்பிய அந்தச் செய்தி

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஒரு பல அடுக்கு விற்பனை நிறுவனத்தின் சத்துபானத்தை விற்றேன். மேலே இருந்தவர்கள் என்னை அவமானப்படுத்தி, 86,000 ரூபாய் கமிஷனையும் தராமல் வெளியேற்றினார்கள். இப்போது சொந்தமாக ஒரு மூலிகைப் பொடி தயாரித்து, என் டவுன்லைனில், அதாவது எனக்குக் கீழே விற்பனையாளர்களாகச் சேர்ந்தவர்கள் வரிசையில், இருந்த 140 பேருக்கும் வாட்ஸ்அப்பில், "இதைக் குடித்து நாற்பதே நாளில் என் சர்க்கரை 280-லிருந்து 130-க்கு இறங்கியது" என்று அறிவித்தேன். விலகிய பின் இரண்டு ஆண்டுகள் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்தைக் காட்டி, 25 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. - ஈரோடு வாசகி

பதில்: உங்கள் மனவருத்தம் நியாயமானது; ஆனால் வழக்கில் அதற்கு எடையில்லை. கமிஷன் பாக்கியை மூன்றாண்டுக் காலவரம்புக்குள் தனியாகக் கேட்கலாம். இரண்டாண்டுத் தடையைக் கண்டு அஞ்ச வேண்டாம்; விலகியவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஷரத்து, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. 140 பேரின் பட்டியல் நிறுவனத்தின் இரகசியத் தகவல் என்று சொல்லி அவர்கள் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்பார்கள். அது கிடைக்கவும் கூடும். ஆனால் நான் கவலைப்படுவது, நீங்கள் அனுப்பிய செய்தியில் உள்ள 'சர்க்கரை' என்ற சொல்லைப் பற்றித்தான்.

மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954, ஓர் அட்டவணையில் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. நீரிழிவு, உடற்பருமன், இரத்த அழுத்தம் மூன்றும் அதில் உள்ளன. "லேப் ரிப்போர்ட் இருக்கிறதே ஐயா" என்று என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 3-ஆம் பிரிவு, சொன்னது உண்மையா என்று கேட்பதில்லை. உணவு உரிமம் வாங்கியிருப்பதும் கைகொடுக்காது, ஏனெனில் நோயைத் தீர்க்கும் என்று நீங்கள் சொன்ன கணத்தில் அந்தப் பொடி சட்டத்தின் கண்ணில் மருந்தாகிவிடுகிறது. டப்பாவில் ஒட்டிய லேபிள், துண்டறிக்கை, வாய்மொழி அறிவிப்பு, ஒலி ஒளி வழி அறிவிப்பு வரை எல்லாமே விளம்பரம் என்று வரையறுத்திருக்கும்போது, வாட்ஸ்அப் செய்தி மட்டும் தப்பிவிடும் என்று நம்ப இடமில்லை.

நிறுவனத்தின் விற்பனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அனுபவம் சொல்லிப் பழகியவர்கள், அதே பேச்சைத் தங்கள் லேபிளில் அச்சிட்டு மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அன்று டப்பாவில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. இன்று இருப்பது உங்கள் பெயர். தவறான விளம்பரத்துக்காக 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தயாரிப்பாளருக்கும் அதற்குச் சான்று சொல்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் செய்தியில் இருவரும் நீங்களே. உங்கள் பேச்சை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டால், அவருடைய உயிருக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரிடும்.

ஆகவே சமரசமாகப் போங்கள். பட்டியலைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்து, 86,000 ரூபாயை விட்டுக்கொடுத்தாவது 25 லட்சக் கோரிக்கையைக் கைவிடச் செய்யுங்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் அரசு அதிகாரியைக் கட்டுப்படுத்தாது என்பதால், நோயின் பெயர் உள்ள லேபிள்கள் இருந்தால் அவற்றை இன்றே விற்பனையிலிருந்து எடுங்கள். குழுவில் இனி எதுவும் பதிவிடாதீர்கள். பழைய செய்தியை அழிக்கவும் வேண்டாம். அதன் ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்பிடம் இருக்கும்; அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாக வாதிடுவார்கள்.