வலையில் ஏறிய பானையும் வாவிக்குள் புதைந்த துறையும்: கேள்வி பதில்

வாழைச்சேனை மீனவர்: அண்ணே, வலையில பழைய பானை ஒண்டு ஏறினது. முழுக்கச் சிப்பி. வெயில்ல காயவச்சுச் சுரண்டலாமா?

வெயிலே ஆகாது. மண்பாண்டத்தில் ஊறிய உப்பு, காயக் காயப் பளிங்காக விளைந்து மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். கடல்நீர் நிரப்பிய வாளியில் முழுக அமிழ்த்தி, மூடி, நிழலில் வையுங்கள். சிப்பி கரையட்டும் என்று தேசிக்காய்ப் புளியோ அசிற்றோ ஊற்றவேண்டாம். பானையில் கிடக்கிற சுண்ணாம்பும் சேர்ந்து கரையும். உள்ளே இருக்கிற சேற்றைக் கொட்டிவிடாதீர்கள், என்ன சரக்கு வந்தது என்ற தடயம் அதில்தான். வலை இழுத்த இடத்தை ஃபோனில் ஜீபிஎஸ் எண்ணாக, ஆழத்தோடு குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, வீட்டு அலுமாரிக்குள் வைக்கக்கூடாது.

வந்தாறுமூலை மாணவி: சேர், ஆய்வுகூடத்தில் உப்பு முழுதாக இறங்கிவிட்டதென்று எப்படித் தெரியும்?

பானை ஊறும் நீரைப் படிப்படியாக மாற்றுங்கள்: முதலில் 3 பங்கு கடல்நீருக்கு 1 பங்கு நன்னீர், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு 1க்கு 3, கடைசியில் முழு நன்னீர். எடுத்த எடுப்பில் நன்னீரில் போட்டால் நொய்ந்த பாண்டம் வெடிக்கலாம். ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் சிறிது எடுத்து, ஒரு துளி நைத்திரிக் அமிலமும் சில துளி வெள்ளி நைத்திரேற்றும் விடுங்கள். பால்போல் கலங்கினால் குளோரைட், அதாவது உப்பின் கூறு, இன்னும் இருக்கிறது. இங்கே பலர் சறுக்குவது நீரில்தான்: மணல்திட்டுக் கிணற்று நீரே உவராக இருக்கும், அதில் எத்தனை மாதம் ஊறவைத்தாலும் சோதனை கலங்கும். பானை இல்லாத வெறும் நீரை முதலில் சோதியுங்கள். இறுதிக் கட்டத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். இரும்புக்கு இந்த முறை சரிவராது, அதைக் காரக் கரைசலில் வைக்கவேண்டும்.

புளியந்தீவு ஆசிரியர்: மட்டக்களப்பின் பழைய துறையைத் தேட எங்கே முக்குளிக்கலாம்?

முக்குளிக்க முன் வாவிக்கரையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை நிற்பது திறந்த கடலில் அல்ல, வாவிக்குள். முகத்துவாரத்தை மணல் அடைக்கும், மாரி வெள்ளம் உடைக்கும். அந்த வாய்க்குள் பெரிய கப்பல் நுழையாது. வெளியே நங்கூரமிட, தோணிதான் சரக்கை உள்ளே கொண்டுவரும். எனவே தேடவேண்டியது 2 இடம்: வெளியே நங்கூரம் தொலைந்த தரை, உள்ளே சரக்கு இறக்கிய கரை.

வெளியே, ஒலி அனுப்பிக் கடல்தரையைப் படமாக்கும் பக்கவாட்டு சோனாரும் காந்தமானியும் உதவும். காந்தமானி இரும்பைத்தான் காட்டும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மரக்கலத்தை அது கண்டுகொள்ளாது. உள்ளே குழாய் இறக்கிச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுங்கள். கடல் நுண்ணுயிர்களின் ஓடு உள்ள படை, வாய் திறந்திருந்து உப்புநீர் புகுந்த காலம்; நன்னீர்ச் சிப்பி உள்ள படை, அடைபட்ட காலம். சிப்பியைக் காபன் காலக்கணிப்புக்குக் கொடுத்தால் கடல்சார் திருத்தம் (கடல்நீரில் உள்ள பழைய காபனுக்கான கழிவு) கேளுங்கள், இல்லையேல் ஆண்டு பழையதாகவே வரும். வைகாசி முதல் ஆவணி வரை கடல் அமைதி. வாடை தொடங்கினால் கலங்கல்தான், கையைக்கூடப் பார்க்க முடியாது.

ஒலுவில் இளைஞர்: கரை அரிபட்டுப் பானையோடு வெளியே வருது. பழைய துறைமுகமா சேர்?

ஓட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்க தம்பி. கூழாங்கல்போல உருண்டிருந்தால் அலை வேறெங்கோ இருந்து உருட்டி வந்தது. விளிம்பு கூராக, அரிபட்ட மண்சுவரிலேயே அடுக்காகப் பதிந்திருந்தால் அந்த இடத்துச் சொத்து. அதுவும் ஊர் இருந்ததற்குத்தான் சாட்சி. துறை என்று சொல்ல, வெளியூர்ச் சரக்கு வேண்டும்: உட்புறம் புள்ளி வளையங்கள் ஓடும் மெல்லிய சாம்பல்நிற ரூலெட் ஓடு, சீனப் பாண்டம் மாதிரி. பிடுங்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

பொத்துவில் வாசகர்: துளையுள்ள கல் கிடைத்தது. நங்கூரமா?

ஆகலாம். துளையின் ஒரு பக்கத்தில் கயிறு தேய்த்த பள்ளம் உண்டா பாருங்கள். வடிவத்தை வைத்து மட்டும் காலம் சொல்பவரை நம்பாதீர்கள். கல் நங்கூரம் நேற்றுவரை புழக்கத்தில் இருந்த பொருள்.

கல்லடிச் சுழியோடி: ஹேர்மிஸ் கப்பலில் இருந்து சின்னதாக ஒன்று எடுத்தால் தப்பா?

தப்புத்தான். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் அது. 300க்கு மேற்பட்டோர் இறந்த இடம். 50 மீற்றருக்குக் கீழே கிடப்பதால் சாதாரணப் பொழுதுபோக்குச் சுழியோடலின் 40 மீற்றர் எல்லைக்கும் அப்பால்.