பழைய பிக்கப்பைப் பார்த்ததும் ‘இது எல்என்106’ என்று மெக்கானிக்குகள் எப்படிச் சொல்கிறார்கள்?

அது மாடல் குறியீடு. டொயோட்டா தன் ஒவ்வொரு வண்டி வகைக்கும் கொடுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம். எல்என்106-ல் ‘எல்’ என்பது எல் வரிசை டீசல் எஞ்சின், ‘என்’ என்பது ஹைலக்ஸ் எனும் டொயோட்டா பிக்கப், 106 என்பது 1988-ல் வந்த ஐந்தாம் தலைமுறையின் நான்கு சக்கர இயக்க வண்டி. முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் ஆர் வரிசை பெட்ரோல் எஞ்சின். நம்ம சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்டு முகவரியில் #08 என்று பார்த்ததுமே எட்டாவது மாடி என்று தெரிந்துவிடுகிறதே, அதே மாதிரிதான், பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

இது ஏன் தேவை என்றால், ‘ஹைலக்ஸ்’ என்ற பெயர் 1968-லிருந்து மாறவில்லை, ஆனால் உள்ளே எஞ்சின், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, அதனால் பெயரை மட்டும் சொல்லி பார்ட்ஸ் வாங்கினால் பொருந்தாத சாமான்தான் கையில் வரும். சின் மிங் பக்கம் வண்டி பார்ட்ஸ் கடைக்குப் போகுமுன் போனட்டைத் திறந்து உள்ளே மாடல் குறியீடு பொறித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். வண்டியின் பதிவு ஆவணமான லாக் கார்டிலும் சேஸி எண் இருக்கும். கிரில், விளக்கு வடிவத்தை வைத்தும் ஆர்வலர்கள் சொல்வார்கள்தான், ஆனால் அவற்றை மாற்றிவிட முடியும் என்பதால் நான் தகட்டைத்தான் நம்புவேன்.

பதிவு செய்த ஆண்டு தெரிந்தால் மாடலும் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை: ஒரே ஆண்டில் பதிவான இரண்டு ஹைலக்ஸில் ஒன்று டீசலாகவும் இன்னொன்று பெட்ரோலாகவும் இருக்கலாம், குறியீடும் வேறாகத்தான் இருக்கும்.