அக்கரைக்காரரின் சிநேகம்

கேள்வி: நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். என் கணவர் பங்கு வைத்திருந்த விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது. அதில் தொழிலுக்குப் போயிருந்த என் தம்பி யாழ்ப்பாணச் சிறையில் இருந்து திரும்பினான், படகு திரும்பவில்லை. கடனை அடைக்கக் கணவர் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஒரே நண்பர், இலங்கையின் மன்னார் பேசாலையைச் சேர்ந்த வயதில் மூத்த மீனவர். "எங்கள் வலையை அறுத்தது உங்கள் படகுகள்தான்" என்று முதல் வாரத்திலேயே சண்டை போட்டவராம். பிறகு இவர் கையில் ஒரா மீனின் விஷமுள் குத்தியபோது அவர்தான் பார்த்துக்கொண்டார். என்னிடம் சொல்லாத கடனைக்கூட இவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் மனைவி எனக்குப் போன் செய்து, கச்சத்தீவுத் திருவிழாவில் சந்திக்கலாமா என்று கேட்கிறார். தம்பி கொதிக்கிறான். இந்த நட்பை விட்டுவிடும்படி கணவரிடம் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சொல்ல வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பியின் கோபத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தாலும், வீட்டில் மறைத்த கடனைக் கணவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாரே என்ற வரியில்தான் உங்கள் வலி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். அந்த அறையில் நம் ஊர்க்காரர்கள் இருந்தால் துணைதான். ஆனால் அவர்களிடம் ஒருவர் மனம் உடைந்து பேசினால், அன்றிரவே அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் ஏறித் தங்கச்சிமடத்துக்கு வந்துவிடும். முன்பணம் கொடுத்த மீன் வியாபாரியும் வட்டிக்குக் கொடுத்தவரும் அதே தெருவில் இருக்கும்போது, கடனில் மூழ்கிய மனிதர் எந்த ஊர்க்காரரிடம் வாய் திறப்பார்? பேசாலைக்காரரிடம் சொன்னது பேசாலையோடு நின்றுவிடும். இந்த நட்பு உருவானதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். உங்களிடம் அவர் மறைத்தது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, பெரும்பாலும் வெட்கத்தால்தான் இருக்கும். படகு போனபோது குடும்பத்தின் முன் தலைகுனிந்த மனிதர், மிச்சமிருக்கும் தொகையைச் சொல்லி இன்னொரு முறை தலைகுனியத் தயங்கியிருப்பார்.

வெட்கப்பட்டார் என்பதற்காக அவர் மறைத்தது சரியாகிவிடாது. அந்தக் கடனை வாசலில் எதிர்கொள்பவர் நீங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்த நகை யாரிடம் இருக்கிறது என்று முழுவதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பேச்சில் நண்பரின் பெயரை எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு கடனை விட்டு நண்பர்மேல் போய்விடும், உங்களுக்குக் கணக்கும் கிடைக்காது.

அடுத்து, தம்பி. சிறையில் இருந்து வந்த பிள்ளையிடம் "அவரும் நம்மைப் போல மனிதர்தானே" என்று எடுத்துச் சொல்லாதீர்கள். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து தொழில் பார்த்த கடலில் 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் எல்லை வகுத்தன. 2018இல் இலங்கை கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிடிபடும் படகுகளுக்கான தண்டனை மிகக் கடுமையாகிவிட்டது. ஆனால் பேசாலைக்காரர் சொன்னதும் உண்மை. போர்க்காலம் முழுவதும் கடலுக்குள் இறங்கவே கட்டுப்பாடு இருந்த மக்கள், 2009க்குப் பின் கடன் வாங்கிச் சிறு படகும் செவுள் வலையும் கட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். இரவில் விரித்துவைத்த அந்த வலைகளின் ஊடே கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி போட்ட நம் விசைப்படகுகள் போனபோது, பல குடும்பங்களின் முதலீடு ஒரே இரவில் போயிற்று. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்ததற்கு வட மாகாண மீனவர்களின் அந்தக் குமுறலும் ஒரு காரணம். வலை இழந்தவரும் படகு இழந்தவரும் மூன்றாவது நாடு ஒன்றில் கூலிக்கு மீன் பிடிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மிகவும் மனம் கனக்கிறது.

அந்தச் சண்டையை அவர்கள் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டார்கள் என்பதால்தான் இந்த நட்பின்மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒரா முள் குத்தினால் என்ன வலி என்பது கடற்கரையில் பிறந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஹ்ரைன்காரர்கள் சாஃபி என்று விரும்பிச் சாப்பிடுவதும் அந்த இனத்து மீனைத்தான். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, கையை அதில் அமிழ்த்தி, நீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தால் விஷத்தின் வேகம் தணியும். நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஒருவர், தன் வலையை அறுத்த ஊரின் ஆளுக்காக அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்து அப்படி நீர் மாற்றியிருக்கிறார். அவரை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. எவ்வளவு நெருங்கிய சிநேகமானாலும், ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. வளைகுடா நாடுகளில் கட்டாத கடனுக்காகப் பயணத் தடை விழுவது உண்டு. இருவரும் அங்கேயே சிக்கிக்கொள்வார்கள். இதைக் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கச்சத்தீவுக்குப் போங்கள் என்பதே என் யோசனை. புனித அந்தோணியார் திருவிழா பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தவக்காலத்தில் வரும். இரு கரையினரும் கூடுகிற அந்த இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பதை யாரும் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். இராமேசுவரத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். 2024இல் மீனவர் போராட்டத்தால் நம் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. அதனால் திருவிழாவுக்குக் காத்திராமல், அந்த அக்காவோடு போனில் பேசிக்கொண்டே இருங்கள். போகுமுன் தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயாலும் அவன் கேட்கக் கூடாது. அவனை வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். நேரில் பார்க்கும்போது அவன் சிறையில் இருந்ததை அந்த அக்காவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தம் வலைகளைப் பற்றிச் சொன்னால், நம் ஊருக்காக வாதாடாமல் முழுவதையும் கேளுங்கள்.