ஒப்பிமியஸின் ஆண்டு

கடிதம்:

ரோமர்கள் ஆண்டுகளை ரோம் நகரம் தோன்றியதிலிருந்து எண்ணினார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். கான்சல்களின் பெயரால் குறித்தார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? அவ்வளவு பெரிய அரசுக்கு ஆண்டுக்கு ஓர் எண் போடக்கூடவா தெரியவில்லை?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாமவர் சொல்வதுதான் சரி. கிமு 753இலிருந்து எண்ணுவது அறிஞர்களின் கணக்கு. பத்திரத்திலும் பேச்சிலும் அந்த ஆண்டின் இரு கான்சல்களின், அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்களின், பெயர்கள்தான். கிமு, கிபி எல்லாம் பிற்பாடு வந்தவை, அதை விடுங்கள்.

"தெரியவில்லையா" என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். கணக்குத் தெரியாமலா அத்தனை சாலை போட்டார்கள்? நமக்குப் பழகாததெல்லாம் அறியாமை என்று நினைக்கும் வழக்கத்தை இந்த வயதிலேயே விட்டுவிடுங்கள்.

இருபது வயதில், நூலகத்தில் உட்கார்ந்து ரோம அரசியல்வாதி கையுஸ் கிராக்கஸின் கதையை, கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியதில் வாசித்தேன். ஏழைகளுக்கு மலிவு விலையில் தானியம் கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தவர். கிமு 121இல் கான்சல் ஒப்பிமியஸ் அவரை ஒடுக்க ஆயுதம் ஏந்திய ஆட்களோடு வந்தார். கிராக்கஸின் தலைக்கு எடைக்கு எடை பொன் என்று அறிவிப்பு. தலையைக் கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தான். தராசு பதினேழு பவுண்டுக்கு மேல் காட்டியதாம். மாண்டவர்கள் மூவாயிரம் பேர். அதற்கப்புறம் அதே ஒப்பிமியஸ் ஒற்றுமைத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பல வருடங்கள் கழித்து ரோம எழுத்தாளர் பிளினியை வாசித்தபோது ஒயின் பற்றிய பகுதியில் அந்தப் பெயர் மறுபடி வந்தது. ஒயின் சாடியிலும் கான்சல் பெயரைத்தான் எழுதுவார்கள். கிமு 121இல் வெயில் நன்றாகக் காய்ந்து திராட்சை அபாரமாகப் பழுத்ததால், அந்த ஆண்டுச் சரக்குக்கே ஒப்பிமியன் என்று பெயராகிவிட்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம், கரடுமுரடான தேன் போல இறுகி, அப்படியே குடிக்க முடியாத கசப்போடு. விருந்தில் அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லி ஊற்றியிருக்கிறார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எண்ணாக இருந்தால் 121 யாருக்கும் சொந்தமில்லை. பெயராக இருந்ததால் கொன்றவருக்குப் போனது. கிராக்கஸ் இரண்டு முறை டிரிபியூனாக, அதாவது பொதுமக்களின் பிரதிநிதியாக, இருந்தவர். டிரிபியூன் பெயரில் ஆண்டு கிடையாது.