துண்டறிக்கையில் மதிப்பெண் 3, வயலில் கழுத்துக் குலைநோய்: சோதனை முடிவை எப்படிப் படிப்பது?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஐந்து ஏக்கரில் சம்பா நெல் சாகுபடி செய்கிறேன். இரண்டு புதிய ரகங்களுக்கு, பல ஊர்ச் சோதனைத் திடல்களின் சராசரியாக, குலைநோய் மதிப்பெண் 3 என்று துண்டறிக்கையில் போட்டிருந்ததால் இரண்டையும் நட்டேன். ஒன்று தப்பியது, மற்றொன்றில் மார்கழியில் கதிரின் கழுத்து கறுத்து, பெரும்பகுதி பதராகிவிட்டது. இந்தச் சோதனைகளை நம்பலாமா? அடுத்த சம்பாவில் நானே மூன்று ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன், எப்படிச் செய்வது?

பதில்: உங்கள் இழப்பு வருத்தமளிக்கிறது. சோதனை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ரகத்தின் நோய் எதிர்ப்பை ஒற்றைச் சராசரி எண்ணில் அடக்கித் தந்தது, நீங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியை மறைத்துவிட்டது.

முதலில் அந்த 3 எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். குலைநோய் என்பது நெல்லின் இலையையும் கதிரின் கழுத்தையும் தாக்கும் பூஞ்சாண நோய். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் இலைக் குலைநோய்க்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு, எண் கூடக் கூட நோயும் கடுமை. 3 என்றால் மேல் இலைகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் கணிசமான புள்ளிகள் உள்ளன என்று பொருள். கண் வடிவ நோய்ப்புள்ளிகள் 4-இல்தான் தொடங்குகின்றன. 5 என்பது இலைப்பரப்பில் 4 முதல் 10 சதவீதமும், 7 என்பது 26 முதல் 50 சதவீதமும் தாக்கப்பட்டதைக் காட்டும். கழுத்துக் குலைநோய்க்கு அளவுகோலே வேறு. அங்கே தாக்கப்பட்ட கதிர்களின் சதவீதத்தை எண்ணுகிறோம். இலையில் தாங்கும் ரகம் கழுத்திலும் தாங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. எனவே துண்டறிக்கையில் இருந்தது எந்த மதிப்பெண் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது சராசரி. ஓர் எடுத்துக்காட்டாக, ஆறு ஊர்களில் ஒரு ரகம் எல்லா இடத்திலும் 3 பெறுகிறது என்றும், இன்னொன்று நான்கு ஊர்களில் 1-உம் இரண்டு ஊர்களில் 7-உம் பெறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டின் கூட்டுத்தொகையும் 18, சராசரியும் 3. முன்னது எங்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் ரகம். பின்னதோ, அதன் எதிர்ப்பு மரபணுவை முறியடிக்கும் பூஞ்சாண இனம் இருக்கும் ஊரில் வீழ்ந்துவிடும் ரகம். உங்கள் வயலில் நிகழ்ந்தது இதுவாக இருக்கக்கூடும். அதனால் சராசரியைவிட, மிக மோசமான ஊரில் அந்த ரகம் பெற்ற மதிப்பெண்ணையே நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

இந்த மதிப்பெண்கள் தராசில் நிறுத்த எடையைப் போன்றவை அல்ல. ஏணிப்படிகளைப் போல வரிசையை மட்டும் காட்டுபவை, அதிலும் படிகளின் உயரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே புள்ளியியலாளர்கள், கண்ணுக்குத் தெரியாத தொடர்ச்சியான ஒரு நோய் அளவு ஒவ்வொரு வரம்பைத் தாண்டும்போதும் அடுத்த மதிப்பெண் விழுகிறது என்று கொண்டு, அந்த அளவை ரகத்தின் பங்கு, ஊரின் பங்கு, பருவத்தின் பங்கு, ரகமும் ஊரும் சேர்ந்து உண்டாக்கும் தனிப் பங்கு எனப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். இதிலிருந்து கிடைக்கும் விடை, 'இந்த ரகம் புதியதோர் ஊரில் 5-க்கு மேல் மதிப்பெண் பெறும் வாய்ப்பு இவ்வளவு' என்ற வடிவில் இருக்கும். சாகுபடி முடிவை எடுப்பவருக்கு அந்த வாய்ப்பு எண்ணே பயன்படும் என்பதால், துண்டறிக்கைகளில் சராசரிக்குப் பக்கத்தில் அதையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோயே வராத திடலில் எல்லா ரகமும் நல்ல ரகம்தான். அதனால்தான் ஆராய்ச்சி நாற்றங்கால்களில் எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகத்தைச் சுற்றிலும் இடையிலும் விதைத்து, தழைச்சத்தையும் கூட்டிக் கொடுத்து நோயை வரவழைக்கிறார்கள். கோயம்புத்தூரில் உருவான கோ 39 இந்த வேலைக்காகவே உலகெங்கும் குலைநோய் ஆய்வாளர்களிடையே பெயர்பெற்றது. அத்தகைய ஒப்பீட்டு ரகம் 8, 9 என்று வாங்கிய திடலில் ஒரு ரகம் பெறும் 3-க்கு மதிப்பு உண்டு. ஒப்பீட்டு ரகமே 2 வாங்கிய திடலில் அதே 3 எதையும் நிரூபிக்காது. வயது வேறுபாடும் நம்மை ஏமாற்றும். இரவுக் குளிரும் நெடுநேரம் காயாத பனியும் சேரும் நாட்களில் கதிர் வெளிவரும் ரகம் மாட்டிக்கொள்ளும். பத்து நாள் முன்னதாகக் கதிர்விட்டது, எதிர்ப்பு ஏதுமின்றியே தப்பிவிடலாம். உங்கள் இரு ரகங்களும் எந்தெந்தத் தேதியில் கதிர்விட்டன என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

இனி உங்கள் சோதனைக்கு வருவோம். மூன்று ரகங்களும் ஏறத்தாழ ஒரே வயதுடையவையாக இருக்கட்டும். குலைநோய்க்கு ஆளாகக்கூடிய பிபிடி 5204-ஐ நான்காவதாக, ஒப்பீட்டுக்கென்று சேர்த்துக்கொள்ளுங்கள். வயலை வாய்மடையிலிருந்து கடைமடை நோக்கி நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு ரகங்களுக்கும் ஒவ்வொரு பாத்தி ஒதுக்குங்கள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைத் தொகுதிதோறும் தனித்தனியே சீட்டுக் குலுக்கிப் போட்டே முடிவு செய்ய வேண்டும். நமக்குப் பிடித்த ரகத்தை நம்மை அறியாமலே நல்ல மண்ணில் வைத்துவிடுவோம். சீட்டு அதைத் தடுக்கும். மர நிழல் விழும் ஓரத்தைத் தவிருங்கள். உரமும் நீரும் எல்லாப் பாத்திக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பதினாறு பாத்திகளுக்கு மட்டும் பூஞ்சாணக்கொல்லி தெளிக்காமல் விட்டு, மற்ற வயலை வழக்கம்போல் காத்துக்கொள்ளுங்கள்.

கதிர் முற்றும் தறுவாயில், வரப்போர வரிசைகளை விட்டு, பாத்திக்கு ஐந்து இடங்களில் இருபது கதிர்கள் வீதம் நூறு கதிர்களை எடுத்து, கழுத்து தாக்கப்பட்டவற்றை எண்ணுங்கள். ஒரு ரகத்துக்கு நானூறு கதிர் பார்த்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். ஒரே பாத்தியின் கதிர்கள் ஒரே மண்ணையும் ஒரே பனியையும் பகிர்ந்துகொள்வதால், புள்ளியியல் கணக்கில் உங்களிடம் இருப்பவை ரகத்துக்கு நான்கு அளவீடுகளே. நான்கு தொகுதிகளிலும் ஒரு ரகம் பிபிடி 5204-ஐவிடத் தெளிவாகக் குறைந்த தாக்குதலைக் காட்டினால் அதை அடுத்த ஆண்டு ஓர் ஏக்கருக்கு விரிவுபடுத்துங்கள். இரண்டு தொகுதிகளில் குறைந்து மற்ற இரண்டில் கூடினால் இன்னொரு பருவம் பொறுத்திருங்கள். பிபிடி 5204-இலேயே நோய் காணாவிட்டால், அந்த ஆண்டின் கணக்கிலிருந்து விளைச்சலை மட்டும் குறித்துக்கொண்டு, நோய்க்கான ஒப்பீட்டை அடுத்த சம்பாவில் புதிதாகச் சீட்டுப் போட்டு மீண்டும் செய்யுங்கள்.