டிஸ்க் இடம் மாறினால் லினக்ஸ் ஏன் எழுவதில்லை?

கேள்வி: பழைய லேப்டாப்பின் என்விஎம்இ எஸ்எஸ்டியைப் புதியதில் மாட்டினேன். ஃபெடோரா லினக்ஸின் க்ரப் (எதை எழுப்புவது என்று கேட்கும்) மெனு வருகிறது. பிறகு வெகுநேரம் ஓடி 'டிராகட்' என்ற அவசரக் கட்டளை ப்ராம்ப்டில் நின்றுவிடுகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: இல்லை. க்ரப்பும், லினக்ஸின் மையமான கெர்னலும் அதே டிஸ்க்கிலிருந்துதான் ஏறின. அதுவரை டிஸ்க்கைப் படித்துக் கொடுத்தது பயாஸ். கெர்னல் வந்தபின் அதற்கே டிரைவர் வேண்டும். ஃபெடோரா, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் சிறு ஃபைல் தொகுப்பை) கட்டும்போது அப்போதிருக்கும் மெஷினுக்குத் தேவையான டிரைவர்களைத்தான் பெரும்பாலும் சேர்க்கிறது. புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்எஸ்டி, இன்டெல்லின் 'விஎம்டி' என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும். அதற்கான டிரைவர் பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இராது.

ப்ராம்ப்டில் 'கேட் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ்' அடியுங்கள். என்விஎம்இ பெயரே தென்படாவிட்டால் டிரைவர்தான் குறை. தென்பட்டால் 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' பாருங்கள்; 'ரூட்=' பக்கத்தில் யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) இல்லாமல் '/டெவ்/' என்று தொடங்கும் பெயர் இருந்தால், மெஷின் மாறும்போது அது பொய்த்துப்போகலாம்.

டிரைவர் குறைக்கு மருந்து மெனுவிலேயே இருக்கிறது. கடைசியிலுள்ள 'ரெஸ்க்யூ' வரியில் எல்லா டிரைவர்களும் உண்டு. அது பழைய கெர்னலாக இருந்தால் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். கவலை வேண்டாம், இந்த வேலைக்கு நெட் தேவையில்லை. உள்ளே போய், எல்லா டிரைவர்களுடனும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்ட 'சூடோ டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல் --நோ-ஹோஸ்ட்ஒன்லி' கொடுங்கள். இப்படிக் கட்டினால் ஃபைல்கள் பெரிதாகும். முன்னதாக 'டிஎஃப் -ஹெச் /பூட்' அடித்து இடம் பார்ப்பது அவசியம். பாதியில் இடம் தீர்ந்தால் இருப்பதும் கெடும்.

பயாஸில் விஎம்டியை அணைப்பது குறுக்குவழி. அதே மெஷினில் வேறொரு டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் அது எழாமல் போகலாம் என்பதால் நான் முதலில் அதைச் சொல்லமாட்டேன்.

கேள்வி: வேறு மெஷினில் மாட்டிய டெபியன் லினக்ஸ் டிஸ்க் பயாஸில் தெரிகிறது. ஆனால் பூட் செய்ய எதுவும் இல்லை என்கிறது.

பதில்: யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) பூட் பதிவு டிஸ்க்கில் இல்லை, பழைய மதர்போர்டின் என்வி-ரேம் என்ற நினைவகத்தில் இருக்கிறது. பதிவு இல்லாத போர்டு, டிஸ்க்கின் ஈஎஃப்ஐ (பூட் ஃபைல்கள் இருக்கும்) பார்ட்டிஷனில் '/ஈஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ' என்ற ஃபைலைத் தேடும். டெபியன் டிஸ்க்கில் பல சமயம் அது இருப்பதில்லை.

லைவ் யுஎஸ்பியை யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். '/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ' இருந்தால் முறை சரி. ரூட் பார்ட்டிஷனை '/எம்என்டி'யிலும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை '/எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ'யிலும் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்து, 'சிஹெச்ரூட்' போட்டு டிஸ்க்கிலுள்ள டெபியனுக்குள் போங்கள். பிறகு 'க்ரப்-இன்ஸ்டால் --ரிமூவபிள்', அடுத்து 'அப்டேட்-க்ரப்'.

ஈஎஃப்ஐ பார்ட்டிஷனே இல்லையா? அது பழைய பயாஸ் முறையில் நிறுவியது. புதிய போர்டில் 'சிஎஸ்எம்' (பழைய பயாஸ் முறைக்கான வசதி) இருந்தால் இயக்குங்கள்; இல்லையென்றால் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கியே ஆகவேண்டும்.

கேள்வி: டிஸ்க்கை மாற்றியபின் லினக்ஸ் எழும்போது 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது.

பதில்: பூட்டின்போது மவுண்ட் செய்யும் பார்ட்டிஷன்களின் பட்டியலான '/ஈடிசி/எஃப்எஸ்டேப்'பில், பழைய மெஷினிலேயே விட்டுவந்த இரண்டாவது டிஸ்க்கின் வரி இருக்கும். அதை நீக்குங்கள், அல்லது அந்த வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்பது) சேருங்கள்.