வாசகர் கேள்வி – பதில்: திகில் படங்களில் கருக்கலைப்பு

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் வாசகி ஒருவர்): கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் 'பிளாக் கிறிஸ்துமஸ்' என்ற பழைய திகில் படத்தைப் பார்த்தேன். கருவைக் கலைக்கப் போவதாக நாயகி சொன்னதுமே, "அடுத்து சாகப் போவது இவள்தான்" என்று மகளிடம் சொன்னேன். ஆனால் படம் முடியும்வரை அவள் உயிரோடுதான் இருந்தாள். திகில் படங்கள் கருக்கலைப்பைப் பாவமாகக் கருதித் தண்டிக்கின்றனவா, வேறு ஏதேனும் சொல்ல வருகின்றனவா?

பதில்: தாங்கள் அவ்வாறு ஊகித்ததில் வியப்பில்லை. இளம்பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் இவ்வகைப் படங்களில் 'ஒழுக்கமான' பெண் ஒருத்தியே தப்புவாள் என்பது பிற்காலத்தில் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. பாப் கிளார்க் 1974-இல் கனடாவில் எடுத்த இப்படம் அந்தச் சட்டம் இறுகுவதற்கு முன்பே வந்தது. நாயகி ஜெஸ் தன் முடிவைக் காதலனுக்குத் தெரிவிக்கிறாளே தவிர, அவனுடைய அனுமதியைக் கேட்பதில்லை. தன்னைக் கலக்காமல் எப்படி முடிவெடுக்கலாம் என்று அவன் கொதிக்கிறான், திருமணம் செய்துகொள்வோம் என்கிறான், பின்னர் மிரட்டுகிறான். பரணில் ஒளிந்திருக்கும் கொலைகாரன் யாரென்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அது காதலனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜெஸ்ஸும் காவலரும் நாமும் நம்பிவிடுவதற்கு அவனுடைய அந்தக் கோபமே காரணமாகிறது. அக்காலக் கனடாவில் மூன்று மருத்துவர்களுக்குக் குறையாத மருத்துவமனைக் குழு இசைந்தால்தான் கருக்கலைப்பு சட்டப்படி நடக்க முடியும். 1988-இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. தன் உடல் குறித்துப் பிறரிடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்த காலத்தின் அச்சமே இப்படத்தில் கொலைகாரனுக்கு நிகராக வீட்டுக்குள் நடமாடுகிறது.

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவள் 1968-இல் ரோமன் போலன்ஸ்கி இயக்கிய 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தின் நாயகி. அவள் குழந்தையை விரும்புகிறாள். தாங்க முடியாத வலியைக் கண்டு தோழியர் வேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லும்போதுகூட, கருவைக் கலைக்க மாட்டேன் என்றே பதறுகிறாள். ஆனால் புத்தகம் படிக்காதே, தோழியர் பேச்சைக் கேட்காதே என்று சொல்லும் புகழ்பெற்ற மருத்துவரும், மூலிகைப் பானம் கொண்டுவரும், சாத்தானை வழிபடும் அண்டை வீட்டாரும், தன் நடிப்புத் தொழில் உயர்வதற்காக அவளையே விலைபேசிவிட்ட கணவனும் அவளுடைய வயிற்றைப் பற்றி முன்பே பேசி முடித்துவிட்டார்கள். கரு கலைக்கப்படவே இல்லை. ஆயினும் இப்பொருளைத் தொடும் திகில் படங்களுள் நான் முதலிடம் தருவது இதற்கே. சாத்தானைவிட அந்தக் கணவனே என்னை அதிகம் அச்சுறுத்தினான்.

டேவிட் குரோனன்பெர்க்கின் 'தி ஃபிளை' (1986) படத்தில், ஈயாக மாறிவரும் காதலனின் கருவைச் சுமப்பவள் தான் ஒரு பெரும்புழுவை ஈன்றதாகக் கனவு காண்கிறாள். அக்கனவில் பிரசவம் பார்க்கும் மருத்துவராக இயக்குநரே நடித்திருக்கிறார். பின்னர் அவள் கருவைக் கலைக்கச் செல்லும்போது, மனிதனாகத் தான் இருந்ததற்கு எஞ்சப் போவது அக்குழந்தை ஒன்றே என்று கெஞ்சும் காதலன் அவளைத் தூக்கிச் சென்றுவிடுகிறான். அவன் மீது நமக்கு இரக்கமும் பிறக்கிறது என்பதால்தான் அக்காட்சி எளிதில் மறக்க முடியாததாகிறது. 'புரோமீதியஸ்' (2012) படத்தில் வயிற்றில் வளரும் அயல் உயிரை அகற்ற ஒரு பெண் அறுவை இயந்திரத்துக்குள் படுக்கிறாள். அவ்வியந்திரமோ ஆண் நோயாளிகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டதாம். மற்றபடி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத அப்படத்தில் இந்த ஓரிடம் மட்டும் கூர்மையானது.

கேள்வி (டர்பனின் ஃபீனிக்ஸ் வாசகர் ஒருவர்): இப்படங்களில் கருக்கலைப்பு என்றாலே இரத்தமும் சாவுமாக இருக்கின்றன. நம் பிள்ளைகள் இதையே உண்மை என்று எண்ணிவிட மாட்டார்களா?

பதில்: இக்குறை நியாயமானதே. ஃப்ரூட் சான் இயக்கிய ஹாங்காங் படமான 'டம்ப்ளிங்ஸ்' (2004) படத்தில், தந்தையாலேயே கருவுற்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி இரகசியக் கருக்கலைப்புக்குப் பின் இரத்தம் வடிந்து இறக்கிறாள். அக்காட்சியில் நம்மைக் கலங்க வைப்பது மருத்துவம் அன்று, வெளிப்படையாகச் செல்ல இடமில்லாத நிலை. நம் தென்னாப்பிரிக்காவில் 1996-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 1997 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் 12 வாரங்களுக்குள் பெண் தானே கேட்டுக் கருக்கலைப்புச் செய்துகொள்ளலாம். தகுந்த பயிற்சி பெற்ற பதிவுபெற்ற செவிலியரும் அதைச் செய்யலாம். வயது வராத பெண்ணைப் பெற்றோரிடம் கலந்து பேசுமாறு அறிவுறுத்த வேண்டும். அவள் மறுத்தாலும் சிகிச்சையை மறுக்கலாகாது. இவ்வளவு இருந்தும், டர்பன் தெருக்களின் விளக்குக் கம்பங்களில் 'வலியற்ற, விரைவான' கருக்கலைப்பு என்று தொலைபேசி எண்ணுடன் ஒட்டப்படும் தாள்களைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்குப் புறம்பானோர் ஒட்டும் அத்தாள்களைப் பற்றித்தான் பிள்ளைகளை எச்சரிக்க வேண்டும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்): கலைந்த கரு பேயாக வந்து தாயைப் பழிவாங்குவது நம் மரபில் உள்ளதா?

பதில்: நான் அறிந்த நம் பழங்கதைகளில் சினம் பெரும்பாலும் வேறு திசையில் செல்கிறது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்த பழையனூர் நீலி, தன்னைக் கொன்ற கணவனைத்தான் தேடி வந்தாள். சூலோடு இறந்த பெண்ணின் நினைவாகத் தமிழகத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் அதில் சுமையை இறக்கி இளைப்பாறுவர். அங்கே அவள் அஞ்சத்தக்கவளாக அல்ல, சுமை இறக்கப்பட வேண்டியவளாகவே எண்ணப்பட்டாள். அண்மைப் படங்களில், விஷால் ஃபூரியா தம் மராத்திப் படத்தையே இந்தியில் மீண்டும் எடுத்த 'சோரி' (2021) இந்த மரபுக்கு நெருக்கமானது. கரும்புக் காட்டில் உலவும் பேயுருவங்களின் பின்னே இருப்பது பெண் சிசுக்கொலையின் கொடுமை. கருவுற்ற நாயகி அஞ்ச வேண்டியவர்களோ அவளுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் உயிருள்ள மனிதர்கள்.